ஊர் என்பது யார்?

‘காவல்துறை உங்கள் நண்பன்’ என்பது தமிழ்நாட்டில் நாம் எல்லோரும் படித்துப் பழகிய வாசகம். லாக்கப்பில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் அது கேலிக்கு உள்ளாகிறது. கேலி முழுவதும் ‘நண்பன்’ என்ற சொல்லின் மீதே விழுகிறது. ‘உங்கள்’ என்ற சொல் தப்பித்துக்கொள்கிறது. யாரைப் பார்த்து ‘உங்கள்’ என்கிறது காவல்துறை? அந்தச் சொல்லுக்குள் பெண்கள் இருக்கிறார்களா? இருந்தால் எந்தப் பெண்கள்?

கொலை, கும்பல் தாக்குதல், வல்லுறவு போன்ற கொடிய வன்முறைகளைக் காவல்துறை தனியாகத் தடுத்துவிட முடியாது, சமூகத்தோடு கைகோத்தே தடுக்க வேண்டும் என்பது இன்று பல நாடுகள் ஏற்றுக்கொண்ட கொள்கை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2005இல் காவல்துறையே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, கத்திக்குத்தை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அணுகியது. காவல்துறையும் உள்ளாட்சியும் மருத்துவத் துறையும் சேர்ந்து திட்டமிட்டாக வேண்டும் என்று 2022இல் பிரிட்டன் சட்டமே இயற்றியது. கொள்கையின் அடிப்படையோடு எனக்குச் சண்டை இல்லை. அடி விழுந்த பிறகு வழக்குப் போடுவதைவிட, விழாமல் தடுப்பது மேல். என் கேள்வி வேறு. காவல்துறை கைகோக்கத் தேடும் அந்தச் ‘சமூகம்’ யார்? நம் மண்ணில் அதற்குப் பெயர் ஊர். ஊர் என்றால் யார் என்று நமக்குத் தெரியும். அதை வெளிப்படையாகப் பேசத்தான் தயங்குகிறோம்.

1993இல் நடந்த இரண்டு

கிளாஸ்கோவுக்கு முன்பே தமிழ்நாட்டில் இந்த எண்ணம் செயலுக்கு வந்தது. 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், ‘பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பொதுமக்களில் விருப்பமுள்ளவர்கள் ரோந்து, போக்குவரத்து, தகவல் சொல்லுதல் போன்றவற்றில் காவலர்களுக்குத் துணை நிற்கலாம். காவல்துறை மீதான அச்சம் விலகும், குற்றம் குறையும் என்பது நம்பிக்கை. அந்தத் திட்டம் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது.

அதே 1993இல்தான், நெய்வேலிச் சுரங்கத்துக்கு அருகிலுள்ள கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். திருட்டு வழக்கொன்றில் அவரைத் தேடிவந்த காவலர்கள் குடும்பத்தாரையும் இழுத்துச் சென்று வதைத்தார்கள். கைதி தப்பியோடிவிட்டான் என்று கணக்கெழுதினார்கள். மனைவி பார்வதி விடவில்லை. உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் துணை நின்றார்கள். வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். எல்லாம் முடியப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

இந்த வழக்கைத்தான் த.செ. ஞானவேல் 2021இல் ‘ஜெய் பீம்’ படமாக்கினார். படம் செய்த நன்மை பெரிது. ஆனால் அது காவல்துறையைப் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கெட்ட காவலர்கள் சிலர், நேர்மையான உயரதிகாரி ஒருவர், வாதாடும் வழக்கறிஞர் ஒருவர் என்று படம் பிரித்துக்கொள்கிறது. நல்லவர் கைக்கு விசாரணை போனதும் உண்மை வெளிவருகிறது. ஊர் இதில் எங்கே? திருட்டுப் போன வீட்டுக்காரரின் விரல் யாரை நோக்கி நீண்டதோ அவர்கள்மீது கை வைத்தது காவல் நிலையம். இந்த இடத்தில் காவல்துறையும் சமூகமும் ஏற்கெனவே கைகோத்துத்தான் இருந்தன. ‘குற்றப் பரம்பரை’ என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த சொல்லை ஊரும் காவல் நிலையமும் சேர்ந்தே காப்பாற்றி வந்தன. ஒருவரையொருவர் நம்பினார்கள், தகவல் பரிமாறிக்கொண்டார்கள், ஒரே ஆளைச் சந்தேகித்தார்கள். கூட்டாண்மைக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்?

படத்தில் ஒரு காட்சி இதைத் தன்னை அறியாமலே சொல்லிவிடுகிறது. செங்கேணியை வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லி மேலிருந்து உத்தரவு வருகிறது. அவள் ஜீப்பில் ஏற மறுக்கிறாள். பிள்ளையோடு நடந்து போகிறாள். ஜீப் பின்னாலேயே ஊர்ந்து வருகிறது. திரையரங்க வழக்கப்படி அது வீரமான காட்சி. ஆனால் அந்த ஜீப் எவ்வளவு மரியாதையாக வந்தாலும் அது அவளுக்கு நண்பனல்ல என்பதுதான் அதன் உட்பொருள். அவள் ஏற மறுப்பதைப் பிடிவாதமாகப் பார்க்கக் கூடாது. தான் எந்த ‘உங்க’ளிலும் சேர்த்தியில்லை என்பதை அவள் அறிந்திருக்கிறாள்.

நண்பர்கள் யார்?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்த பிறகு, அந்த இரவில் ‘பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ தன்னார்வலர்களும் அடித்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. திட்டம் தொடங்கியபோது யாரும் இப்படி நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் இது தற்செயல் அல்ல. மாலை நேரங்களில் காவல் நிலையத்தில் போய் உட்கார, இரவு ரோந்துக்குக் காவலரோடு வண்டியில் போக, யாரால் முடியும்? வேலைக்குப் போய் வந்து சமைத்து, பிள்ளைக்குச் சோறூட்டி, மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும் பெண்ணால் முடியாது. காவல் நிலையம் என்றாலே குலைநடுங்கும் சேரி இளைஞனும் போக மாட்டான். அதிகாரத்தின் அருகில் நிற்பதால் தனக்கு ஆதாயம் உண்டு என்று எண்ணும் ஆணே அங்கே போவான். கதவைத் திறந்து வைத்தால் எல்லோரும் வருவார்கள் என்பது ஆண்களின் கற்பனை.

அதே சாத்தான்குளத்தில் நிலையத்துக்குள்ளிருந்தே உண்மை பேசியவர் ஒரு பெண். தலைமைக் காவலர் ரேவதி. இரவு முழுக்க அடித்தார்கள் என்றும், லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது என்றும் நீதித்துறை நடுவரிடம் அவர் வாக்குமூலம் கொடுத்தார். வெளியே சக காவலர்கள் மிரட்டும் தோரணையில் நின்றதை நடுவரின் அறிக்கை பதிவுசெய்தது. அந்தப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் நண்பன் யார்? காவல்துறையும் இல்லை, காவல்துறையின் நண்பர்களும் இல்லை.

பெண் காவலர்களைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2021இல் சிறப்பு டி.ஜி.பி. ஒருவர்மீது பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குப் போன பெண் எஸ்.பி.யின் கார், சுங்கச்சாவடியில் சக அதிகாரியால் மறிக்கப்பட்டது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த டி.ஜி.பி.க்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஐ.பி.எஸ். அதிகாரியே புகாரோடு போய்ச் சேர இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

கண்ணகிக்குப் புகார்தாரர் இல்லை

விருத்தாசலத்துக்கு அருகே புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலையில் அங்கே கண்ணகியும் முருகேசனும் கொல்லப்பட்டார்கள். கண்ணகி வன்னியர், முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி. ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். பிடித்துக் கொண்டுவந்து, மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்று, உடல்களை எரித்தார்கள். ஊரறிய நடந்த கொலை.

முருகேசனின் குடும்பம் காவல் நிலையத்துக்குப் போனது. புகாரை வாங்கவில்லை. செய்தி வெளியே கசிந்த பிறகு காவல்துறை ஒரு கதையைச் சமைத்தது. இரு வீட்டாரும் அவரவர் பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள் என்பது கதை. அதன்படி முருகேசனின் தந்தையும் கைதுசெய்யப்பட்டார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போன பிறகுதான் உண்மை நின்றது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் பதின்மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் இருவர் காவல் அதிகாரிகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்.

இந்த வழக்கைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சாதிய வன்முறை என்ற அளவில் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. பெண்ணியவாதிகளாக நாம் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. முருகேசனுக்காகப் புகார் கொடுக்க ஒரு குடும்பம் இருந்தது. அடிபட்டும், சிறைக்குப் போயும், அவர்கள் விடாமல் நின்றார்கள். கண்ணகிக்காகப் புகார் கொடுக்க அவள் வீட்டில் யாருமில்லை. அப்பாவும் அண்ணனும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அவளுடைய ‘சமூகம்’ என்று காவல்துறை யாரைச் சந்தித்துப் பேசியிருக்குமோ, அவர்கள்தான் அவளைக் கொன்றவர்கள்.

கூட்டாண்மைக் கொள்கை எழுதுகிறவர்கள் இந்த ஒரு வழக்கை மேசையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். புதுக்கூரைப்பேட்டையில் கொடிய வன்முறையைத் தடுக்கச் ‘சமூகப் பெரியவர்க’ளோடு ஒரு குழு அமைத்திருந்தால் அதில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஊராட்சித் தலைவர் உட்கார்ந்திருப்பார். கண்ணகியின் தந்தை ஊராட்சித் தலைவராக இருந்தவர். இங்கே ஊர் என்பது காவல்துறைக்கு உதவ ஒதுங்கி நிற்கும் நடுநிலைக் கூட்டம் அல்ல. மகள்களின் உடம்பைக் காவல் காப்பதே தன் முதல் வேலை என்று எண்ணும் அமைப்பு அது. இரண்டு காவல்கள் கைகோத்தால் நடுவில் நசுங்குவது பெண்.

இது பழைய கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் தலித் மென்பொருள் பொறியாளர் ஒருவர் காதலின் பேரில் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவரின் பெற்றோர் இருவருமே காவல் சார்பு ஆய்வாளர்கள். அங்கே காவல்துறை வேறு, சமூகம் வேறு என்று பிரிக்கக்கூட முடியவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

நெய்வேலியில் எத்தனை ஊர்?

நெய்வேலியைப் பார்ப்பவர்கள் இதெல்லாம் கிராமத்துப் பிரச்சினை என்று நினைக்கலாம். 1956இல் தொடங்கிய நிறுவனம் கட்டிய நகரியம். வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட குடியிருப்புகள், அகலமான சாலைகள், மரநிழல், பள்ளி, மருத்துவமனை, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை. பல சாதி, பல மொழிக்காரர்கள் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் வாழும் இடம். நவீன இந்தியாவின் மாதிரி ஊராகவே இதைக் கட்டினார்கள்.

ஆனால் இங்கேயும் ‘சமூகம்’ ஒன்றல்ல. நிரந்தரத் தொழிலாளர் ஓர் ஊர். ஒப்பந்தத் தொழிலாளர் ஓர் ஊர். நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் ஓர் ஊர். மந்தாரக்குப்பத்திலிருந்தும் வடக்குத்திலிருந்தும் நகரியத்துக்கு வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் எந்த ஊரின் கணக்கிலும் வருவதில்லை. பாதுகாப்பு என்ற சொல் இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள் தருகிறது. 2014 மார்ச்சில் இரண்டாம் சுரங்க வாசலில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரைப் பாதுகாப்புப் படை வீரர் சுட்டுக் கொன்றார். 2020 அக்டோபர் இறுதியில் காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவரைத் திருட்டு வழக்கில் நெய்வேலி நகரியக் காவலர்கள் கைது செய்தார்கள். விருத்தாசலம் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட அவர் நவம்பர் 4 அன்று இறந்தார். காவலில் அடித்ததே காரணம் என்று மனைவி குற்றம்சாட்டினார், உடலை வாங்க மறுத்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, உயர் நீதிமன்றம் மறு உடற்கூராய்வுக்கு உத்தரவிட்டது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடிக்கவிருந்த நெல் வயலில் வாய்க்கால் வெட்ட எந்திரங்கள் இறங்கியபோது, எந்திரங்களுக்குத்தான் போலீஸ் காவல் இருந்தது.

பார்வதியிலிருந்து முந்திரி வியாபாரியின் மனைவி வரை, இந்த வட்டாரத்தில் காவல்துறையை எதிர்த்து நின்றவர்களில் பெண்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். 1992இல் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் கணவன் கொல்லப்பட்டு, தானும் கூட்டு வல்லுறவுக்கு ஆளான பெண்ணையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். அவருக்காக ஜனநாயக மாதர் சங்கம் தெருவில் இறங்கியது. இவர்கள்தான் இந்த மாவட்டத்தில் வன்முறைத் தடுப்பின் உண்மையான முன்னோடிகள். எந்த நல்லுறவுக் கூட்டத்துக்கும் இவர்களை யாரும் அழைப்பதில்லை. சாதி மோதலுக்குப் பிறகு கூட்டப்படும் சமாதானக் கூட்டங்களின் புகைப்படங்களைப் பாருங்கள். ஒரு பக்கம் அதிகாரிகள், எதிரில் வெள்ளை வேட்டிகள்.

எது கொடிய வன்முறை?

‘கொடிய’ என்ற அடைமொழியையும் சும்மா விடக் கூடாது. பிரிட்டன் தன் சட்டத்தைக் கொண்டுவந்தபோது எல்லோர் மனதிலும் இருந்தது தெருவில் கத்தி வைத்திருக்கும் இளைஞன். வீட்டு வன்முறையும் பாலியல் குற்றமும் வன்முறையில் அடங்கும் என்று சட்டத்தில் தெளிவாக எழுதவே வாதாட வேண்டியிருந்தது. எழுதிய பிறகும், தங்கள் பகுதியில் எது கொடியது என்பதை அந்தந்தப் பகுதி அமைப்புகளே முடிவுசெய்யலாம் என்று விட்டார்கள்.

நம்மிடம் இது இன்னும் வெளிப்படை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21), தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொன்னார்கள். இந்திய அளவில் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்று சில விலக்குகளையும் கொடுத்தது. அந்தப் பட்டியலில் வணிகத் தகராறுக்குப் பக்கத்தில் திருமணத் தகராறும் இருக்கிறது. மண்டை உடைந்து வந்தவளின் புகார், கொடுக்கல் வாங்கல் தகராறுபோல மனு ரசீதாகச் சுருங்குவதற்கு அந்த வாசல் போதும்.

1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டபோது அது பெண்களுக்கான தனி வெளியாக இருக்கும் என்று நம்பினோம். பல பெண்களுக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் அங்கே போனவர்கள் கேட்டுவரும் சொல் ‘கவுன்சலிங்’. இரு வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அனுசரித்துப் போகச் சொல்லி எழுதி வாங்குவது. இதுவும் காவல்துறையும் சமூகமும் கைகோப்பதுதான். மாமனார், தாய்மாமன், ஊர்ப் பெரியவர், ஆய்வாளர் எல்லோரும் சேர்ந்து ஒரு பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். கொலையில் முடியும் வீட்டு வன்முறையில் கொலை முதல் நாளே நடப்பதில்லை. பலமுறை திருப்பி அனுப்பப்பட்ட பிறகு நடக்கிறது.

நகரியத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. குவார்ட்டர்ஸ் ஊழியர் பெயரில் ஒதுக்கப்படுவது. பெரும்பாலும் அந்த ஊழியர் கணவன். மருத்துவ வசதியும் அவன் வழியாகவே வருகிறது. அடித்தவனின் அடையாள அட்டையைக் காட்டித்தான் அடிபட்டவள் கட்டுப்போட வேண்டும். அங்கே அவள் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னால் அது பொய் என்று யாருக்குத்தான் தெரியாது? 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. அந்த உரிமையைப் பாதுகாப்பது எப்படி என்று நகர நிர்வாகமும் காவல்துறையும் உட்கார்ந்து பேசினால் அது பொருளுள்ள கூட்டாண்மை.

யாரோடு கைகோப்பது?

காவல்துறையே வேண்டாம் என்று சொல்வது எளிது. நடு இரவில் கதவு உடைக்கப்படும்போது ஒரு பெண் கூப்பிட ஏதோ ஓர் எண் வேண்டும். சாதி மாறிக் காதலித்தவர்களுக்கு ஊரைவிட வலுவான ஒரு கை தேவைப்படுகிறது. ஆகவே கூட்டாண்மையை நான் மறுக்கவில்லை, கூட்டாளியை மாற்றச் சொல்கிறேன்.

அதற்கு முன்மாதிரிகள் உண்டு. வேல்ஸின் கார்டிஃபில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், அடிபட்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலர் காவல்துறைக் கணக்கில் இல்லவே இல்லை என்பதைக் கவனித்தார். பெயரை விட்டுவிட்டு, எங்கே, எப்போது, எதனால் அடிபட்டது என்ற விவரங்களை மட்டும் காவல்துறைக்கும் நகராட்சிக்கும் கொடுக்கும் முறை அங்கே உருவானது. தெரு வன்முறை குறைந்தது. நம் மருத்துவமனைகளில் இதைச் செய்யலாம், ஒரு நிபந்தனையோடு. விவரம் அவளுடையது. அவள் விருப்பமில்லாமல் அது காவல் நிலையத்துக்கோ கணவனின் நிறுவனத்துக்கோ போகக் கூடாது. பெயரில்லாத எண்ணிக்கை மட்டும் பொதுவுக்கு வர வேண்டும்.

சட்டத்திலேயே இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், சாதி மறுப்பு இணையர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொன்னது. காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் சேர்ந்த பிரிவு, 24 மணிநேரத் தொலைபேசி. 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்களையும் சேர்த்தது. இந்தக் கூட்டாண்மையில் ஊர்ப் பெரியவர்களுக்கு நாற்காலி இல்லை என்பதைக் கவனியுங்கள். யாரிடமிருந்து ஆபத்து வருகிறதோ அவர்களை ஆலோசகராக்காத திட்டம் இது. கடலூர் மாவட்டத்தில் கல்லூரிக்குப் போகும் எத்தனை பெண்களுக்கு அந்தத் தொலைபேசி எண் தெரியும்? பேருந்து நிலையத்திலும் கல்லூரி விடுதியிலும் நகரியத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் அது எழுதப்பட்டிருக்க வேண்டாமா?

எந்த வன்முறைத் தடுப்புத் திட்டத்தையும் அளக்க என்னிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன. காவல் நிலையத்துக்குள் நடக்கும் வன்முறையையும் அது வன்முறையாக எண்ணுகிறதா? சொந்த வீட்டையே எதிர்த்து ஒருத்தி வந்தால், வீட்டாரைக் கூப்பிடாமல் அவளை மட்டும் வைத்துப் பேச அதற்கு முடியுமா? வீட்டுவேலைக்கு வரும் பெண்ணும், ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவியும், குறவர் குடியிருப்பைச் சேர்ந்தவளும் அதன் கூட்டத்தில் உட்கார்ந்து காவல் ஆய்வாளரை மறுத்துப் பேசிவிட்டுப் பத்திரமாக வீடு திரும்ப முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லக்கூடிய திட்டம் இன்னும் வரவில்லை. வரும்வரை நட்பைப் பற்றிப் பேசுவதைக் காவல்துறை தள்ளிவைக்கட்டும். புகாரை வாங்கட்டும், ரசீது கொடுக்கட்டும், கேமராவை அணைக்காமல் இருக்கட்டும். 2003இல் விருத்தாசலத்தில் கொடுத்த புகாரை அன்றே பதிந்திருந்தால், இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு குடும்பம் நீதிமன்றப் படி ஏறியிருக்க வேண்டாம். அதற்குத் தேவைப்பட்டது ஒரு தாளும் பேனாவும் மட்டுமே.